சிவந்தும் பழுக்கவில்லை

7

அண்ணி ஜாம் பாட்டிலைத் திறந்தார். மோந்து பார்த்தார். அப்புறம் சற்றும் யோசிக்காமல் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார்.

அதுவும் யாருடைய சாப்பாட்டு மேசையில்? பதினோரு நாள் முன்பு கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மேசையில். கீழே வெள்ளை வெளேரென்று விரிப்பு. போச்சு, நான்தான் துணி தேடி ஓட வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணி கொட்டுவதும் நான் துடைப்பதுமாகத்தான் பிழைப்பு ஓடுகிறது.

சத்தமே வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். பாட்டில் தலைகீழாகத்தான் இருந்தது. ஜாம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பாத்தீங்களா, கொழுந்தனாரே?" என்றார் அண்ணி.

"பாத்தேன் அண்ணி. இதுக்கு ஸ்பூன் பத்தாது. உளி வேணும்."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த அக்காவும் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு விஷயம்.

இந்த அத்தியாயத்தில் வந்து ஏறிக்கொள்கிறவர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடை, கவிழ்ந்த லாரி என்று கதை விடுகிறவர்களின் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சலித்து, வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். நான் அங்கே உதவியாளன், டிரைவர், டீ வாங்கிவருபவன். அண்ணன் வீட்டில் சமைக்கிறான். மூன்று பேருக்கும் பிடித்த வேலை அமைந்துவிட்டது, அண்ணனைத் தவிர.

செத்தது இந்த ஸ்ட்ராபெரி தோட்டத்தின் முதலாளி. அறுபத்தெட்டு வயது. தோட்டத்து ஷெட்டில் பழங்களை உறைய வைக்க ஓர் அறை உண்டு. மைனஸ் இருபத்தைந்து டிகிரி. மெத்தென்று உள்ளே போகிற பழம் கல்லாகி வெளியே வருவதால், வேலையாட்கள் அதற்கு வைத்த கேலிப் பெயர் 'கல்லறை'. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டுக்கு விடுமுறை நாள், யாரோ முதலாளியை அதற்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டார்கள். உள்ளேயிருந்து திறப்பதற்கான குமிழை முன்கூட்டியே கழற்றியிருந்தார்கள். திங்கள் காலை கதவைத் திறந்தபோது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க ஷெட்டில் ஆளில்லை.

போலீஸ் பிடித்தது மேஸ்திரியை. சனிக்கிழமை அவருக்கும் முதலாளிக்கும் நல்ல வாய்ச்சண்டை. லோடில் காம்போரத்துத் தோள் வெளுத்த காய் கலந்திருக்கிறது என்று முதலாளி கத்த, மேஸ்திரி ஆத்திரத்தில், "விடுங்க, இன்னைக்கே கல்லறைக்கு அனுப்பிடறேன்!" என்று நாற்பது பேர் முன்னால் கத்தினார். அவர் சொன்னது அந்தப் பழ லோடை. நாற்பது பேருக்கும் அது தெரியும். நாற்பது பேரும் போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்கள். "மேஸ்திரிக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்து எனக்கே காது குத்தறீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். நாளைக்குக் காலை குற்றப்பத்திரிகை தாக்கல். அது ஏறிவிட்டால் மேஸ்திரி லேசில் இறங்க முடியாது.

கதவோரம் நிற்கும் அக்கா, அந்த மேஸ்திரியின் உடன்பிறந்த அக்கா. இதே தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பழம் கிள்ளுகிறவர். காம்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் நகம் கருஞ்சிவப்பாகவே நின்றுவிட்டது. எங்கள் ஆபீசுக்கு வந்த அன்று அந்த விரலை மேசைமேல் ஊன்றிச் சொன்னார்:

"தம்பி வெளிய வரணும், அது ஒண்ணு. பூட்டினது எந்தக் கைன்னு எனக்குத் தெரியணும், அது ரெண்டு. ரெண்டாவதுக்காகத்தான் மேடம் இவ்வளவு தூரம் வந்தேன்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"காம்பைக் கிள்ளற மாதிரி கிள்ளிடுவேன்."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறவராகத் தெரியவில்லை.

அண்ணிக்கு முதல் நாளே ஓர் ஆள்மேல் கண் விழுந்துவிட்டது. முதலாளியின் மாப்பிள்ளை. ஊர் முழுக்க அவனுக்கு 'மாப்பிள்ளை'தான் பெயர். அந்த வீட்டு நாய்க்குப் பேச வந்தால் அதுவும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கும். மற்றவர்களை எல்லாம் மரியாதையாக எழுதிவிட்டு இவனுக்கு மட்டும் 'ன்' போடுகிறேனே என்று கேட்டால், 'ர்' போட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து தோட்டப் பொறுப்பு முழுவதையும் மேஸ்திரி கையில் கொடுக்கப்போவதாக முதலாளி வீட்டில் சொல்லியிருந்தார். ஆறு வருஷம் காத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அது எப்படி இறங்கியிருக்கும்? முதலாளி போனால் தோட்டம். பழி மேஸ்திரிமேல் விழுந்தால் போட்டிக்கும் ஆளில்லை.

ஆனால் அவன் பக்கம் ஒரு பெட்டி பழம் சாட்சி சொன்னது.

மேல்தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. மலைப்பாதையில் வேனில் மூன்று மணி நேரம். 'கூர்மூக்கு' என்று ஒரு ரகம் அங்கே மட்டும்தான் விளையும். அங்கேயும் விடுமுறையான ஞாயிறு காலை தனியாகப் போனதாகவும், மதியம் வரை தன் கையால் ஒரு பெட்டி கூர்மூக்கு பறித்ததாகவும், மாலை ஆறு மணிக்கு அதை மாமியாரிடம் கொடுத்ததாகவும் மாப்பிள்ளை சொன்னான். உறை அறையின் கருவி, பன்னிரண்டரை மணிக்குக் கதவு திறந்து மூடியதைக் கோடு போட்டுக் காட்டியது. பன்னிரண்டரைக்கு மலைமேல் பழம் பறித்துக்கொண்டிருந்தவன் கீழே எப்படிப் பூட்டியிருக்க முடியும்? பழமோ தளதளவென்று சிவந்து, நசுங்காமல், அப்போதுதான் பறித்ததுபோல இருந்ததாம். பழுத்த ஸ்ட்ராபெரி வெளியே இரண்டு நாள் தாங்காது என்பது குழந்தைக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டார்.

பெட்டியில் இருந்த பழம் இப்போது இல்லை. மிச்சம் இருந்தது இந்த ஜாம்தான்.

"அம்மா, இந்த ஜாம் எப்ப போட்டீங்க?" என்று அண்ணி முதலாளியம்மாவைக் கேட்டார்.

"அன்னைக்குச் சாயங்காலம். மாப்பிள்ளை கொண்டுவந்த கூர்மூக்குல."

"ஒரு பெட்டி கூர்மூக்கையுமா?" அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தார். தங்கத்தை உருக்கித் தாழ்ப்பாள் செய்ததாகக் கேள்விப்பட்டவர் போல இருந்தது குரல். "அடிபட்டதுல தானம்மா ஜாம் போடுவீங்க?"

"அப்படியே வாயில வைக்க முடியல. புளிச்சுது."

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம் அது. நாற்காலி நகர்ந்தால் எதிராளிக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?"

"இல்ல."

"எவ்வளவு நேரம் கிளறினீங்க?"

"கால் மணி. அதுக்குள்ள கரண்டி நின்னுடுச்சு. வழக்கமா முக்கால் மணி ஆகும். எலுமிச்சை பிழிஞ்சாலும் ஓடும்."

"பெட்டியை வேன்ல இருந்து இறக்கினப்ப வாசனை எப்படி இருந்துச்சு?"

முதலாளியம்மா ஜாம் பாட்டிலைப் பார்த்தார். அப்புறம், "வாசனையே இல்ல," என்றார்.

"ஜலதோஷமா இருந்திருக்கும்," என்றேன் நான்.

"தம்பி," என்றார் அக்கா, "பழுத்த கூர்மூக்கு ஒரு பெட்டி வந்தா, ஜலதோஷக்காரன் மூக்கையும் துளைக்கும்."

"நீங்க கொண்டுவந்ததை எடுங்க அக்கா," என்றார் அண்ணி.

அக்கா கையிலிருந்த டிபன் டப்பாவைத் திறந்தார். மதியச் சாப்பாடு என்று நம்பி நான் ஆவலாக எட்டிப் பார்த்தேன். உள்ளே இலைமேல் நாலே நாலு ஸ்ட்ராபெரி. ஒன்றொன்றாக வெள்ளை விரிப்பின்மேல் வரிசை வைத்தார்.

"இது பிஞ்சு. விதையெல்லாம் பாருங்க, வெளியவே ஒட்டிக்கிட்டு, ஸ்கூல் பஸ்ஸுல பிள்ளைங்க மாதிரி நெருக்கியடிச்சு நிக்கும். உடம்பு உப்ப உப்ப விதை விலகிப் போகும். பச்சை வெளுத்து இப்படி ஆகும். இது வெள்ளைக்காய். கடிச்சா நறுக்குனு இருக்கும், பல் கூசும். இங்க இருந்து பழத்துக்கு ஒரு வாரம்."

மூன்றாவதைக் காட்டினார். நுனி மட்டும் சிவந்து, காம்பை ஒட்டிய தோள் வெள்ளையாக இருந்தது.

"சிவப்பு மூக்குல ஆரம்பிச்சு தோளுக்கு ஏறும். இது செங்காய். கடைசியா இருக்கறது பழம். இதைத்தான் கிள்ளணும். தோள் வெளுப்பா ஒண்ணு கிள்ளினாலும் முதலாளி தொலைச்சுடுவார்."

"செங்காயைக் கிள்ளி வீட்டுக்குள்ள வெச்சா என்ன ஆகும்?"

"நிறம் மட்டும் ஏறும் மேடம். ரெண்டு மூணு நாள்ல தோள் வரைக்கும் சிவந்துடும். கண்ணுக்குப் பழம். வாய்க்குக் காய்."

"மாங்காயும் வாழைக்காயும் குடோன்ல பழுக்குதே?" என்று கேட்டேன். கேள்வியை அண்ணிதான் காரிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார் என்றாலும், நானாகக் கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அங்கதான் மாப்பிள்ளை வழுக்கி விழுந்தார்," என்றார் அண்ணி. "மாங்காய் மரத்தை விட்டு இறங்கறப்பவே உள்ள மாவைக் கட்டிக்கிட்டு இறங்குது. குடோன்ல உக்காந்து அந்த மாவைச் சக்கரை ஆக்கிக்கும். ஸ்ட்ராபெரிகிட்ட அந்தச் சேமிப்பு கிடையாது. அன்னன்னைக்கு இலை சமைச்சு, காம்பு வழியா ஊட்டி விடணும். காம்பைக் கிள்ளினதும் சாப்பாடு நின்னுபோகுது. அதுக்கப்புறம் சிவந்துக்கலாமே தவிர, இனிப்பு ஏறாது. புளிப்பும் பெருசா இறங்காது. வாசனையும் வராது, அது கடைசி நாலு நாள்ல செடியில வெச்சு வர்றது."

"ஓஹோ. மாம்பழம் ஹாஸ்டல் பிள்ளை. இது அம்மா ஊட்டினாதான் சாப்பிடும்."

"அப்படியே வெச்சுக்கோங்க. இன்னொண்ணும் இருக்கு. காய்க்குள்ள ஒரு பசை உண்டு. செங்கலுக்கு நடுவுல சாந்து மாதிரி உள்ள ஒட்டவெச்சு இறுக்கமா வெச்சிருக்கும். பழுக்கப் பழுக்க அது கரையுது, அதனாலதான் பழம் மெத்துனு ஆகுது. ஜாமை இறுக வைக்கிறதும் அதே பசைதான், கூடப் புளிப்பும் இருந்தா. பழுத்த பழத்துல ரெண்டும் கம்மி, ஜாம் ஓடும். காயில ரெண்டும் ஜாஸ்தி."

அண்ணி பாட்டிலை மறுபடியும் கவிழ்த்தார். ஜாம் போலீஸ்காரன் மாதிரி நின்றது.

"இது ஞாயித்துக்கிழமை செடியில பழுத்த பழம் இல்ல. வியாழக்கிழமை கிள்ளின செங்காய். வாராவாரம் வியாழக்கிழமை மாப்பிள்ளை மேல்தோட்டம் போவார்னு அங்க எல்லாருக்கும் தெரியும். பழுத்ததைக் கிள்ளி மூணு நாள் வெச்சா அழுகிடும்னு அவருக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா, வெளிய எடுத்ததும் வேர்த்து மினுமினுப்பு போயிடும், அம்மா கண்ணுக்குத் தப்பாது. அதனால அரைக்காயாக் கிள்ளி எங்கயோ ஒளிச்சு வெச்சார். அவர் மாம்பழ மண்டிக்கார வீட்டுப் பிள்ளை. ஆறு வருஷமா இந்தத் தோட்டத்துல இருந்தும் ஒரு பழத்தைக் கடிச்சுப் பார்த்து வேலை கத்துக்கல. ஸ்ட்ராபெரியும் மாம்பழம் மாதிரிதான் பழுக்கும்னு நினைச்சுட்டார். ஞாயித்துக்கிழமை அவர் மலைமேல ஏறவே இல்ல."

அக்கா நான்காவது பழத்தைக் கையில் எடுத்தார். எடுத்தது தெரியாமலே நசுக்கிவிட்டார். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

"எங்க அவன்?" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நானும் அப்போதுதான் கவனித்தேன். மேசையின் தலைப்பக்கத்தில் இன்னொரு தட்டு இருந்தது. பாதி கடித்த பிரெட், அதன்மேல் கெட்டியாக ஜாம். பக்கத்தில் டீ, குடிக்காமல் ஆறிப் போயிருந்தது.

"நீங்க சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சாச்சா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அண்ணி தலையசைத்தார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா ஜாம் கிளறறேன். எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியணுமா? அன்னைக்குக் கரண்டி நின்னப்பவே, இது இன்னைக்குப் பறிச்ச பழம் இல்லையேன்னு நினைச்சேன். எதுக்குப் பொய் சொல்றான்னுதான் புரியல. மறுநாள் அவரைத் தூக்கிட்டு வந்து கூடத்துல கிடத்தினப்ப புரிஞ்சுது."

அண்ணிகூட பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். துப்பறிந்து கண்டுபிடித்த விஷயத்தை எதிராளி பத்து நாள் முன்பே கண்டுபிடித்திருந்தால், பீஸ் கேட்பது எப்படி?

அக்கா மேசையருகே வந்தார்.

"பதினோரு நாளாத் தெரியுமா?"

"தெரியும்."

"என் தம்பி உள்ள கிடக்கறான். செய்யாத தப்புக்கு அடி வாங்கிட்டுக் கிடக்கறான். கூடத்துல உங்க காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும்டி."

"சீ! நீங்கல்லாம் ஒரு மனுஷியா?"

"என் பொண்ணு மாடியில படுத்துக் கிடக்கா," என்றார் முதலாளியம்மா. "அப்பா போனதுல இருந்து கீழ இறங்கல. அவகிட்ட போய், உன் அப்பாவைக் கொன்னது உன் புருஷன்னு எந்த வாயால சொல்லுவேன்? சொல்லாமலும் இருக்க முடியல. தினமும் காலையில இந்த ஜாமை எடுத்து அவன் தட்டுல வெச்சேன். அந்த முகம் ஒரு தடவையாவது மாறுதான்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்." அவர் அந்தத் தட்டைத் தள்ளி வைத்தார். "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தைன்னு கேட்டு வாங்கித் தின்னான்."

எனக்கு வேடிக்கையாகப் பேச ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"இன்னைக்கு வரப் போறதா போன் பண்ணீங்க இல்ல?" முதலாளியம்மா பிரெட் கூடைக்குள் கையை விட்டார். எதையோ எடுத்து வெள்ளை விரிப்பின்மேல் வைத்தார். உள்ளங்கை அளவு இரும்புக் குமிழ். அதன் பக்கத்தில் ஒரு சாவி. "கல்லறையில இருந்து ஒரு பெட்டி எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளைன்னேன். போனான். மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

"எவ்வளவு நேரமாச்சு?" அண்ணி எழுந்துவிட்டார்.

"நீங்க கேட்டுக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

கடிகாரத்தைப் பார்த்தேன். அரைமணி நேரம். மைனஸ் இருபத்தைந்து.

முதலாளியம்மா சாவியை அக்கா பக்கம் தள்ளினார். "உன் தம்பிக்கும் சேர்த்துத்தான் பண்ணேன். பூட்டின கை எதுன்னு கேட்டு ஊரெல்லாம் அலைஞ்சியே, இந்தா அந்தக் கை. நீ இஷ்டப்பட்டப்பத் திற. இன்னைக்கே திறக்கணும்னு இல்ல."

அக்கா சாவியை எடுத்தார். எடுத்துக் கையை மூடிக்கொண்டார். நகரவில்லை.

அண்ணி அவரிடமிருந்து அதைப் பிடுங்கியிருக்கலாம். நான்கூடப் பிடுங்கியிருக்கலாம், எண்பத்தெட்டு கிலோ இருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கை எழவில்லை. அந்தச் சாவி என்னிடம் இருந்திருந்தால், நிதானமாக ஒரு டீ குடித்து, அண்ணனுக்குப் போன் போட்டு ராத்திரி என்ன சமையல் என்று கேட்டுவிட்டுத்தான் ஷெட்டுப் பக்கம் போயிருப்பேன்.

"அக்கா," என்றார் அண்ணி. "அவன் செத்தா, அவன் பக்கம் இருக்கற உண்மையும் செத்துரும். அப்புறம் உங்க தம்பிக்கு மிச்சம் ஒரு பாட்டில் ஜாம்தான். ஜாம் கோர்ட்ல ஏறிப் பேசாது. கூடவே, இந்த அம்மா பூட்டினதுக்கு நீங்களும் உடந்தைன்னு உள்ள போவீங்க. தம்பிக்கு யார் இருக்கா?"

அக்கா ஓட ஆரம்பித்தார். ஐம்பது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நாங்களும் ஓடினோம். அண்ணி ஓடிக்கொண்டே என் போனைப் பிடுங்கி இன்ஸ்பெக்டரை அழைத்து, "உடனே தோட்டத்து ஷெட்டுக்கு வாங்க, லைனைக் கட் பண்ணாதீங்க," என்று கத்தி, போனை என் சட்டைப் பையில் திருப்பிச் செருகினார். முதலாளியம்மா பின்னால் நடந்து வந்தார். அவருக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஷெட்டில் காலை வேலை முடிந்து ஆட்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். காலிப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. உறை அறைக்கதவு ஒரு சாண் தடிமன் இரும்பு. பத்தடி தூரத்தில் நின்றபோது மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது. கதவின்மேல் காதை ஒட்டியபோதுதான் கேட்டது, உள்ளே யாரோ இரண்டு கையாலும் அறைவதும், ஒரு குரலும்.

அக்கா பூட்டில் சாவியை நுழைத்தார். திருப்பவில்லை.

"என் தம்பியைக் கூட்டிட்டுப் போனப்ப அவன் சட்டைகூடப் போட்டுக்கல," என்றார் கதவைப் பார்த்தபடி. "இவன் பக்கத்துல நின்னு, 'அடப்பாவி, சோறு போட்டவரையே கொன்னுட்டியே'ன்னு அழுதான் மேடம். நிஜமான கண்ணீர்."

"தெரியும் அக்கா. திறங்க."

"கை வரல."

கதவு உள்ளேயிருந்து மறுபடியும் அதிர்ந்தது, இந்தத் தடவை லேசாக.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

வெள்ளைப் புகையோடு மாப்பிள்ளை வெளியே விழுந்தான். அரைக்கைச் சட்டை விறைத்திருந்தது. புருவம் நரைத்திருந்தது. உதடு நீலம். தரையில் தவழ்ந்தே வந்து, ஷெட்டு வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்ததும், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

"வேணும்னேதான பூட்டினீங்க? அரைமணி நேரமாக் கத்தறேன்! வெளிய கேக்கலைன்னு பொய் சொல்லாதீங்க அத்தை! மாமா கத்தினது எனக்குக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு!"

கத்தி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது கேட்டது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பத்தடி தூரத்தில் கேட்காத சத்தம். காதை ஒட்டினால்தான் கேட்கும் சத்தம். கடைசி வரைக்கும்.

முதலாளியம்மா மெதுவாக அவன் அருகே வந்தார். "என்ன சொல்லிக் கத்தினார்?" என்று கேட்டார்.

அவனுக்குப் பல் கிட்டித்தது.

"கேட்டுச்சுன்னியே, சொல்லு. என் பேரைச் சொன்னாரா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினான். முதலாளியம்மா பெட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாள் அழாத அழுகையை அப்போதுதான் அழுதார்.

என் சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அலோ. அலோ. மேடம், அவன் கத்தினது எனக்கும் கேட்டுச்சு. ஆளை எங்கயும் விட்டுடாதீங்க. அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்."

மாப்பிள்ளை எழ முயன்றான். முட்டி மடங்கி மறுபடியும் விழுந்தான். நடுக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் என் எண்பத்தெட்டு கிலோவோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன், அதற்குத் தேவையே இருக்கவில்லை.

அக்கா சுவரில் தொங்கிய கம்பளிக் கோட்டை எடுத்தார். உறை அறைக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற கனத்த கோட்டு. அதை அவன்மேல் வீசவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கையாக நுழைத்து, கழுத்து வரை பட்டன் போட்டுவிட்டார். கருஞ்சிவப்பு நகம் அவன் தொண்டைக்கு நேரே ஒரு கணம் நின்றது. நகம் கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு இறங்கியது.

"நல்லா போத்திக்கோ," என்றார் அக்கா. "உனக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது. என் தம்பி வெளிய வர்ற அன்னைக்கு, நீ உன் ரெண்டு காலால நடந்து உள்ள போகணும். அதை நான் நின்னு பார்க்கணும்."